அப்பா வெட்டிய கிணறு

எங்கள் தந்தையார் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று உறவினர்கள் சொன்னார்கள். நடந்ததையும் எழுதுகிறேன்.

தமிழும் மலையாளமும் கலக்கும் எல்லையில், மீனாட்சிபுரத்துக்கு அருகே வானம் பார்த்த பூமியில் பிறந்தவர் அப்பா. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, ஒரே தங்கையை வளர்த்து ஆளாக்கினார். அத்தையைக் கட்டிக்கொடுத்தபோது தம் நிலத்தில் பாதியை எழுதிவைத்தார். அதனால் வரப்புக்கு அந்தப் பக்கம் அத்தையும் மாமாவும், இந்தப் பக்கம் நாங்கள்.

கிணறு வெட்டினால் அரசாங்க மானியம் உண்டு, வெட்டி முடித்த பின் ஓவர்சியர் வந்து அளப்பார் என்று பிளாக் ஆபீஸில் சொன்னார்கள். மானியத்தில் பம்புசெட் வாங்கிவிடலாம் என்று நம்பி, அம்மாவின் நகைகளை அடகு வைத்து, வரப்போரம் கிணறு தொடங்கினார் அப்பா. முதல் மண்ணை வீட்டு மாப்பிள்ளை வெட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மாமா சும்மா ஒரு கொத்து வெட்டினார். மிச்சப் பாறையெல்லாம் அப்பாவும் ஆட்களும் வெடிவைத்து உடைத்தது.

அளக்க வந்த ஓவர்சியருக்கு இளநீர் கொண்டுவர அப்பா தோப்புக்குப் போனார். அப்போது நடந்ததை ஆட்கள் பிறகு சொன்னார்கள்.

"இந்தக் கிணறு ஆரு தொடங்கியது?" என்று மலையாளம் கலந்து கேட்டிருக்கிறார் ஓவர்சியர்.

"மாப்பிள்ளைதானுங்க மொத மண்ணு வெட்டுனாருங்க" என்று ஆட்கள் பெருமையாக மாமாவைக் காட்டினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, சடங்கைச் சொன்னார்கள். ஓவர்சியர் மானியத் தாளை மாமாவிடம் நீட்டினார். இது என் கிணறு இல்லை என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட்டார். அப்பா கொண்டுவந்த இளநீரையும் வாங்கிக் குடித்தார்.

காத்துக் காத்துப் பார்த்துவிட்டு அப்பா பிளாக் ஆபீஸுக்குப் போனார். "அந்தக் கிணத்துக்குக் கொடுத்தாச்சல்லோ" என்றார்கள். அதற்குள் மாமாவின் பழைய கிணற்றில் புது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

புகார் கொடுங்கள் என்று நான் சண்டை பிடித்தேன்.

"உங்கத்தை அந்த ஊட்டுல வாழோணும் கண்ணு. அவளுக்கு இது தெரியவே கூடாது" என்றார்.

மாடு பூட்டி இறைத்த நீர் எட்டாமல் கடலைக்காடு காய்ந்தது. நகைகள் மீளவில்லை. தம் காட்டை விட்டு ஒருநாளும் வெளியே போகாத மனிதர், கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றார். அப்போதும் மாமாவை எதிரில் கண்டால் "வாங்க மாப்பிள்ளை" என்பார். எனக்கு வயிறு எரியும். இப்போதும் எரிகிறது. நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அப்பாவைக் குளிப்பாட்ட அந்தக் கிணற்றிலிருந்துதான் நீர் எடுத்தோம். மாப்பிள்ளை முறைக்கு முதல் குடத்தைத் தூக்க மாமா குனிந்தார். அத்தை அவர் கையைத் தட்டிவிட்டார்.

"கொடத்த வெய்யுங்க. மொத மண்ணு வெட்டுனதுக்கு வாங்குன கூலி போதுமுங்க."

அத்தையே குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எப்போதிருந்து தெரியும் என்று இதுவரை நான் கேட்கவில்லை.

அப்பாவோடு பாறை உடைத்தவர்களே அவரைச் சுமந்தும் சென்றார்கள். அவர்களுக்கும், கஞ்சிக்கோட்டிலிருந்து வந்த உடன்வேலை நண்பர்களுக்கும், அடுப்பெரியாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த மலரின் முதல் பிரதியை அத்தையின் கையில் கொடுத்தோம். மாமாவுக்கும் தனியாக ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

மகள்