வயிற்றில் கரைந்த பேரியம்

நெஞ்செரிச்சல் வந்தால் என் வீட்டுக்காரர் மருந்துக்கடைக்குப் போகமாட்டார். எங்கள் பீங்கான் பொம்மைப் பட்டறையில் மெருகுக் கலவைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்புக்கல் பவுடரில் ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். மாத்திரையிலும் அதே கால்சியம் கார்பனேட்தானாம். பெரிய வைத்தியர்!

அன்று மத்தியானம் வேப்பூரில் புரோட்டாவை வெளுத்துக் கட்டிவிட்டு வந்து அப்படித்தான் குடித்தார். டம்ளரைக் கழுவ எடுத்த நான் அலமாரியைப் பார்த்தேன். சுண்ணாம்பு டப்பாவின் மூடியில் தூசி கலையவில்லை. திறந்து கிடந்தது பக்கத்து டப்பா, பேரியம் கார்பனேட்.

எங்கள் போர் தண்ணீரில் சல்பேட் உப்பு அதிகம். பொம்மை காயும்போது மேலே வெள்ளையாகப் பூத்து மானத்தை வாங்கும். களிமண் கரைசலில் பேரியம் கார்பனேட்டைப் போட்டால், அது சல்பேட்டைப் பிடித்துக் கரையாத பேரியம் சல்பேட்டாகப் படியவைத்துவிடும். எலியைக் கொல்லவும் அந்தப் பவுடர் போதும்.

"பாவி மனுசா, என்னத்தக் குடிச்சீங்க?"

"கத்தாத. எக்ஸ்ரேவுக்கு ஆஸ்பத்திரியிலயே பேரியந்தான் குடுக்குறாங்க."

"அது சல்பேட்டு. கரையாம அப்படியே வெளிய போயிடும். இது வயித்து ஆசிட்டுல கரைஞ்சு ரத்தத்துல ஏறும். எந்திரிங்க!"

வாந்தி எடுத்த பிறகுதான் ஆட்டோவில் ஏறினார். போகும் வழியிலேயே உதடு மரத்துப்போனது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது கால் நிற்கவில்லை.

நான் கையோடு கொண்டுபோன டப்பாவை டாக்டர் வாங்கிப் பார்த்தார். "சல்பேட் உப்புக் கரைசலைக் குழாய் வழியா வயித்துல விடுறோம். மிச்சமிருக்கற பேரியம் அங்கயே படிஞ்சிடும். ஏற்கெனவே ரத்தத்துல கலந்தது போகற வரைக்கும் பொட்டாசியம் ஏத்தி இதயத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும். நீங்க கையைப் புடிச்சுக்கங்க. புடி தளர்ந்தா உடனே கூப்புடுங்க."

தினமும் திட்டித் தீர்க்கிற அந்தச் சல்பேட்டை, அன்று எங்கள் சாமி கொளஞ்சியப்பரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டேன்.

"இறுக்கிப் புடிங்க" என்றேன்.

"புடிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

அவர் விரல்கள் என் உள்ளங்கையில் சும்மா கிடந்தன. நான் போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடிவந்தார். மூச்சைக் கவனித்தார், இன்னொரு பாட்டிலை மாட்டச் சொன்னார். நான் கையை மட்டும் விடவில்லை.

வார்டுக்கு டீ வந்த நேரத்தில் அவர் சுண்டுவிரல் அசைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மற்ற விரல்களும் மடங்கின. திடீரென்று என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். கண்ணாடி வளையல் படக்கென்று உடைந்து ரத்தம் எட்டிப் பார்த்தது.

"அய்யய்யோ, வளையல் உடைஞ்சிடுச்சே, இந்த நேரத்துல" என்று நர்ஸம்மா பதறினார்.

"உடையட்டும்மா" என்றேன். "இன்னொண்ணு இருக்குது, அதையும் அவரையே உடைக்கச் சொல்லுங்க."