படியோரம் வைத்த பூசணிக்காய்

அறுப்பின் பண்டிகை அன்று, பரவைச் சந்தையில் காய்கறி விற்கும் ரூபவதி தன் கடையில் இருந்ததிலேயே பெரிய பூசணிக்காயைச் சுமந்துகொண்டு ஆலயத்தில் காணிக்கை வரிசையில் நின்றாள். உன்மேல் யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் அவரிடம் போ, காணிக்கை அப்புறம் என்று போதகர் அப்போதுதான் பிரசங்கித்திருந்தார். பக்கத்துக் கடை அழகம்மாளின் கத்திரிக்காயில் இல்லாத புழுவை இருப்பதாக, வாங்க வந்தவர்கள் காதுபடச் சொன்னவள் ரூபவதிதான். அதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“ஆண்டவரே, நாளைக்குப் போறேனே” என்று முணுமுணுத்தாள். வரிசை நகர்ந்தது, அவளால் நகர முடியவில்லை. காயைப் பீடத்துப் படியோரம் இறக்கிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தாள். அழகம்மாள் கடை பூட்டியிருந்தால் தேவலை என்று வழியெல்லாம் நினைத்தாள். திறந்துதான் இருந்தது.

“நான் சொன்னது தப்புக்கா. மன்னிச்சிரு. முதல்ல உங்கிட்ட போகச் சொல்லி ஆலயத்துல வசனம் சொன்னாங்க.”

தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த அழகம்மாள் நிமிரவில்லை. “உங்க சாமி சொல்லலைன்னா வந்திருப்பியா?”

வந்திருப்பேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. “வந்திருக்க மாட்டேன்க்கா” என்றாள் ரூபவதி.

அழகம்மாள் சாக்கை நகர்த்தி இடம்விட்டாள்.

“உக்காரு. எஞ்சாமியே சொல்லியிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன்.”