குதிகால் குமரனின் இடது பூட்ஸ்

பிரிசில்லாவுக்குக் கோபம் வரவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஷூ கம்பெனி ஒன்றில், சாம்பிள் ரூமில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். எந்த மாடலாக இருந்தாலும் முதல் ஜோடி அவள் கையில்தான் உருவாகும். வெளிநாட்டுக்காரன் காலையில் ஒன்று கேட்டு, மத்தியானம் வேறொன்று கேட்டு, மேனேஜர் தபரேஸ் தலையைப் பிய்த்துக்கொண்டு நிற்கும்போதுகூட, "குடுங்க சார், பாக்கலாம்" என்று வாங்கி வைத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளை ஒரு சினிமா கொதிக்க வைத்துவிட்டது. சினிமாவுக்கெல்லாமா ஒருத்தி கோபப்படுவாள் என்று கேட்பவர்கள், அவள் காலைப் பார்க்காதவர்கள்.

மின்னூரில் பிறந்தவள். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து போனது. போகும்போது இடது காலில் ஒன்றரை இன்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டது. காலை அளவெடுக்கவும் அதில் இரும்புப் பட்டை மாட்டவும் அப்பா அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து பிள்ளை சலித்துப்போகக் கூடாதென்று, பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கித் தருவார். அதில்தான் அவளுக்குக் குதிகால் குமரன் அறிமுகமானான்.

குமரனுக்கும் இடது கால் குட்டை. பிறவியிலேயே அப்படி. மஞ்சள் நிற பூட்ஸ் போட்டிருப்பான். இடது பூட்ஸுக்கு மட்டும் தடித்த சோல், அதற்குள் ஒரு ஸ்பிரிங். அந்தக் காலை ஊன்றி ஒரு தாவு தாவினால் மூன்று மாடி தாண்டுவான். கொள்ளைக்காரர்கள் காரில் பறக்கும்போது, "கொஞ்சம் நில்லுங்கடா, நொண்டிக்கிட்டே வர்றேன்" என்று சிரிப்பான். அவர்கள் போய்ச் சேரும் இடத்தில் அவன் முன்னாலேயே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பான்.

அந்த ஒரு வரி போதுமாக இருந்தது பிரிசில்லாவுக்கு. பள்ளிக்கூடத்தில் எவனாவது "நொண்டி" என்றால் அழமாட்டாள். "கொஞ்சம் நில்லு, நொண்டிக்கிட்டே வர்றேன்" என்பாள். சொன்னபடியே போய் நறுக்கென்று கிள்ளிவிட்டும் வருவாள். பெண் பார்க்க வந்த பிரேம்நாத்தின் அத்தை, பொண்ணு எவ்வளவு தூரம் நடக்கும் என்று கேட்டபோதும் அதே பதில்தான். பிரேம்நாத் அங்கேயே சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று இன்றைக்கும் சொல்வாள்.

இவ்வளவு வாய் உள்ளவளுக்கும் ஒரு இடத்தில் தைரியம் போதவில்லை. தனக்கான ஷூவைத் தானேதான் தைத்துக்கொள்வாள். இடது சோல் ஒன்றரை இன்ச் கூடுதல். ஆனால் நிறம் எப்போதும் கறுப்பு. சோலின் ஓரத்துக்கும் கறுப்பு மை அடிப்பாள், புடவைக் கரையும் அதை மூடிக்கொள்ளும். பதினாறு வருஷமாக அப்படித்தான். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

போன வருஷம் தபரேஸ் ஒரு ஸ்பெக் ஷீட்டைக் கொண்டுவந்து வைத்தார். அளவு, நிறம், தையல் எல்லாம் எழுதியிருக்கும் தாள் அது.

"சென்னைலேர்ந்து சினிமா ஆர்டர். ஹீரோவுக்கு பூட்ஸ். ஏதோ குமரனாம், பழைய படக்கதையாம். தெரியுமா உனுக்கு?"

பிரிசில்லாவிடம் கேட்கிற கேள்வியா இது? தெரியுமாவா?

ஷீட்டைப் படித்தாள். இரண்டு சோலும் ஒரே உயரம் என்று போட்டிருந்தது. டைப் அடித்தவன் தூங்கிவிட்டான் என்று நினைத்தாள். ஷீட்டில் பிசகு இருந்தால் திருத்தித் தைத்து, திருத்தியதை அட்டையில் எழுதிக் கட்டி அனுப்புவது சாம்பிள் ரூம் வழக்கம். அவள் திருத்தியதற்காகப் பல வெளிநாட்டுக்காரர்கள் நன்றி எழுதியிருக்கிறார்கள். நிறமும் கறுப்பு என்றுதான் இருந்தது. ஆனால் முதல் சாம்பிளைக் கையில் இருக்கிற தோலில் தைத்துக்கொள்ளலாம். அளவு சரியா என்று பார்க்கத்தானே அது. அலமாரியில் மஞ்சள் ஆட்டுத்தோல் இருந்தது. விடுவாளா? மஞ்சளில் தைத்தாள். இடது சோலை ஒன்றரை இன்ச் தூக்கினாள். 'இடது உயரம் திருத்தப்பட்டது' என்று அட்டை கட்டி அனுப்பினாள். அன்றைக்கு வீட்டில் மீன் குழம்பு வைத்தாள்.

பத்தாம் நாள் அந்த ஜோடி திரும்பி வந்தது. அட்டையின் மேல் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: 'ஜோடி சேரவில்லை. இரண்டும் ஒரே உயரம் வேண்டும். பழசாகத் தெரிய வேண்டும்.'

"இன்னா பிரிசில்லா, நீயா இப்டி மிஸ்டேக் பண்ண?" என்றார் தபரேஸ்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். ஒரே உயரத்தில் கறுப்பு பூட்ஸ் நாலு ஜோடி தைத்தாள். புது ஷூவில் நூலளவு கீறல் இருந்தாலும் தூக்கிப் போடுகிற கை, உப்புத்தாளை வைத்துப் புதுத் தோலைத் தேய்தேய் என்று தேய்த்தது. உள்ளுக்குள் உயரம் வைத்துக்கொள்வார்களாக இருக்கும், சினிமாக்காரர்களுக்கு ஆயிரம் வழி உண்டு என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். திரும்பி வந்த மஞ்சள் ஜோடியை மேஜைக்கு அடியில் ஒரு பெட்டியில் போட்டு வைத்தாள்.

படம் வெளிவந்தது. 'குருதிக் குமரன்' என்று பெயர். குதிகால் பெயரிலேயே காணாமல் போயிருந்தது. நம்ம பூட்ஸ் நடித்த படமாயிற்றே என்று கம்பெனி ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி முழுவதையும் ஊழியர்களுக்காகப் பிடித்துவிட்டது. பாதிப் பேர் சர்ச்சிலிருந்து பைபிளும் கையுமாக நேரே தியேட்டருக்கு வந்தார்கள். பிரிசில்லாவும் அப்படித்தான் வந்தாள். பக்கத்து இருக்கையில் இஃப்ரா. தையல் லைனில் இருப்பவள். பதினோரு வருஷமாக இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார்கள்.

பாலாற்றில் ஓடாத தண்ணீரெல்லாம் அந்தப் படத்தில் மழையாகப் பெய்தது. ஊரெல்லாம் இருட்டு. ஒருவன் முகமும் சரியாகத் தெரியவில்லை. குமரன் நன்றாகத்தான் இருந்தான், இரண்டு காலும் அளவாக. இடைவேளைக்கு முன்னால் வில்லன்கள் அவன் இடது காலை இரும்புத் தடியால் உடைத்தார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் காலை இழுத்துக்கொண்டு குடித்தான், அழுதான், கண்ணாடியை உடைத்தான், ஆட்களைக் கொன்றான். ஒருமுறையாவது சிரிப்பான் என்று காத்திருந்தாள். சிரிக்கவில்லை. அவனைக் காதலித்த பெண், இந்தக் காலோடு வாழ்வதற்குப் பதில் செத்துப்போகலாம் என்று அவன் சொன்னதைக் கேட்டுத் தேம்பினாள். கடைசியில் ஆத்திரம் தலைக்கேறி, கால் தானாக நேராகி, நிமிர்ந்து நடந்து வந்தான். தியேட்டரே விசிலடித்தது. பிரிசில்லா தைத்த பூட்ஸ் திரை முழுக்கத் தெரிந்தது.

இங்கேதான் அவள் கொதித்தாள். சின்ன வயசில் தன்னைத் தூக்கி நிறுத்தியவனை அடித்துப்போட்டு, அழவைத்து, கடைசியில் 'சரி செய்து' அனுப்பியிருக்கிறார்கள். அவனிடம் சரி செய்ய என்ன இருந்தது?

வெளியே வரும்போது இஃப்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தானேக்கா இருந்துச்சு. நான் அழுதுட்டேன்."

"இன்னாத்துக்கு அழுத?"

"அவன் காலு... பாவம்க்கா." சொல்லிவிட்டு, தியேட்டர் படியில் இறங்குவதற்காகப் பிரிசில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் பிடித்ததில்லை.

திங்கட்கிழமை அந்தப் 'பாவம்' கம்பெனி முழுக்கப் பரவியிருந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் ஒருத்தி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, "நீ உக்காருக்கா, நான் புடிச்சாறேன்" என்றாள். கட்டிங்கில் இருக்கும் ஒருத்தர், "மனசுல வெறி இருந்தா காலு நேராயிடும், பாத்தியா?" என்று ஆறுதல் சொன்னார். சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடுவதில் எப்போதும் முதல் ஆள் அவள். ஜன்னல் சீட்டில் பையைப் போட்டு இடம் பிடிப்பவளும் அவள்தான். அன்றைக்கு அவளுக்கென்று ஒரு சீட்டைக் காலியாக விட்டுவிட்டு எல்லோரும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கெட்டவர்கள் யாரும் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. நல்லவர்களின் இரக்கத்தைக் கிள்ளவும் முடியாது.

"பேஜாரா இருக்குங்க" என்றாள் வீட்டில்.

பிரேம்நாத் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "இன்னா பண்ணப் போற?"

"தெரியல."

புதன்கிழமை வழி தானாக வந்தது. படக் கம்பெனியிலிருந்து கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். 'ஹீரோவின் பூட்ஸைத் தைத்த கைகள்' என்று ஒரு வீடியோ வேண்டுமாம். தபரேஸ் நாலு வரி எழுதிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். நல்ல மனுஷன், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"முதலாளி பாப்பாரு. சாம்பிள் ரூம் இன்சார்ஜ் லெட்டர்ல உன் பேர்தான் போட்டு வச்சிருக்கேன். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நாலே லைன். படிச்சிட்டுப் போய்டு."

இன்சார்ஜ் நாற்காலி ஐந்து மாதமாகக் காலியாக இருந்தது. அந்த ரூமில் எந்த ஊசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவள். அந்த நாற்காலிக்கு அவள் ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய்.

தாளைப் பார்த்தாள். 'உடைந்த காலோடு எழுந்து நின்ற குமரனுக்கு பூட்ஸ் தைத்ததில் பெருமைப்படுகிறேன்' என்று முதல் வரி. தாளை மடித்து வைத்துவிட்டுக் குனிந்து பெட்டியை இழுத்தாள். மஞ்சள் ஜோடியை மேஜைமேல் வைத்தாள். ஒன்று உயரம், ஒன்று குட்டை. கேமரா ஓடியது.

"என் பேரு பிரிசில்லா. குமரனுக்கு நான் மொதல்ல தச்ச பூட்ஸ் இதுதான். ஜோடி சேரலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. குமரன் காலை எவனும் ஒடைக்கல. பொறந்ததுலேர்ந்தே அவன் அப்டித்தான். அந்தக் கால வச்சித்தான் தாவுவான், அதனாலதான் அவன் ஹீரோ. நீங்க அவன அழ வச்சீங்க. அப்பறம் காலை நேராக்கி விசில் வாங்கிட்டீங்க. யாரு கேட்டா நேராக்கச் சொல்லி? நாப்பது வருஷமா நானும் இந்தக் காலோடதான் இருக்கேன். ஒரு நாளும் செத்துப்போலாம்னு தோணல. நீங்க தச்சுக் குடுன்னு கேட்டத தச்சுக் குடுத்துட்டேன், அது வேலை. நல்லாருக்குன்னு சொல்லணும்னா முடியாது."

கேமராக்காரர் கேமராவை நிறுத்தினார். "மேடம், கொஞ்சம் சந்தோஷமா, அந்தப் பேப்பர்ல இருக்கற மாதிரி இன்னொரு டேக் போலாமா?"

"சந்தோஷமாத்தான் சொன்னேன். இன்னொரு வாட்டி எடுத்தாலும் இதத்தான் சொல்லுவேன்."

தபரேஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வீடியோ எங்கேயும் வரவில்லை. லெட்டர் மட்டும் வந்தது, செல்வகுமார் பெயரில். ஆறு வருஷத்துக்கு முன்னால் பிரிசில்லாவிடம் ஊசி பிடிக்கக் கற்றவன். "ஆபீஸ்ல இந்த வருஷம் வேணாம்ட்டாங்க" என்றார் தபரேஸ், அவள் முகத்தைப் பார்க்காமல். அவளுக்கு வருத்தம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. இரண்டு நாள் கொடுத்ததை மட்டும் தைத்தாள். ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷமும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அலமாரியில் மிச்சமிருந்த மஞ்சள் ஆட்டுத்தோலைத் தபரேஸிடம் கேட்டாள். "எடுத்துக்கோ" என்றார். எதற்கென்று கேட்கவில்லை. சாப்பாட்டு நேரங்களில் அவள் தனக்குத் தைத்தாள், ஐந்தாம் நம்பர். இடது சோல் ஒன்றரை இன்ச். ஓரத்தில் மை அடிக்கிற இடம் வந்தபோது கறுப்பு மைப் புட்டியைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மூடி போட்டாள். அடுக்கடுக்கான சோல் வெளியே தெரியட்டும் என்று அப்படியே விட்டாள்.

வெள்ளிக்கிழமை அந்த ஜோடி மேஜைமேல் நின்றபோது செல்வகுமார் வந்து பார்த்தான். புது இன்சார்ஜுக்கு அவளிடம் பேசவே கூச்சம். எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று சொன்னான்.

"ஜோடி சேரலயேக்கா."

"நான் போட்டா சேரும்" என்றாள்.

போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். இடுப்பு மட்டம் பார்த்த மாதிரி நேராக இருந்தது. பூட்ஸ் தெரியும்படி புடவைக் கரையை இரண்டு விரல் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

சாயங்கால மணி அடித்தது. கட்டிங், தையல், பேக்கிங் என்று எல்லா லைனும் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் பூட்ஸைப் பார்த்து முன்னால் போன கூட்டம் வழிவிட்டு ஒதுங்கப் பார்த்தது.

"எதுக்கு ஒதுங்கறீங்க? நடங்க. நொண்டிக்கிட்டே வர்றேன்."

சொன்னவள் அவர்களுக்கு முன்னால் போய்ப் பஸ்ஸருகில் நின்றாள். இஃப்ரா எப்படியோ அடித்துப்பிடித்து அவளுக்கு முன்னால் ஏறி, படியில் நின்றுகொண்டு, கண்ணில் அதே ஞாயிற்றுக்கிழமைப் பார்வையோடு கையை நீட்டினாள். நீட்டிய கையில் பிரிசில்லா தன் சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டு, இடது காலை முதலில் வைத்து ஏறி, ஜன்னல் சீட்டைப் பிடித்தாள்.