கொண்டையில் காந்தான் பூ

அப்பா, அம்மா, தங்கச்சி ராணி, நான். என் சின்ன வயதில் மலைமேல் இருக்கும் முனியாண்டி சாமியைக் கும்பிடப் போனது நாங்கள் நாலு பேர்தான். இன்று பாச்சாங் சந்தையில் இஞ்சி வாசமடிக்கும் காந்தான் பூவை மோந்ததும் அந்த மலையேற்றம் நினைவுக்கு வந்தது.

அப்போது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். ரப்பர் தோட்டத்து வேலிக் கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் ஜெயில். காட்டில் ஒளிந்து சண்டைபோடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ஆனால் ராணி காய்ச்சலில் பிழைத்ததற்கு அம்மா பொங்கல் நேர்ந்திருந்தாள்.

பாதையோரமெல்லாம் சிவப்பாகக் காந்தான் பூ. தலைக்கு மேலே இருவாச்சிகள் இறக்கை இரையப் பறந்தன. சாமிக்கல் முன்னால் அம்மா கொண்டையை அவிழ்த்தாள். அரிசி கொட்டியது.

"அடியே, காலையில கேட்டுல பிடிபட்டிருந்தா?" அப்பா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"சாமிக்கு ரேஷன் தெரியுமா?" என்றாள் அம்மா. கொண்டையைக் கட்டி, ஒரு பூவைப் பறித்துச் செருகிக்கொண்டாள்.

பொங்கல் வைத்துத் திரும்பும்போதும் கேட்டில் சோதனை. பெண்களைச் சோதிக்கும் மேரியக்கா, "மலைக்குப் போனா மகாராணி ஆயிடுவியா லா?" என்று பூவை உருவினாள். அவள் விரல் கொண்டைக்குள் போனது. அப்பா என் கையை இறுக்கினார்.

மேரியக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சிப்பாயைப் பார்த்தாள். சட்டென்று வாயில் போட்டு மென்றாள்.

"போங்க" என்றாள்.

நான் பார்த்துவிட்டேன். மூன்று அரிசி.