சமையல் சோடா என்றார் மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பழனிக்காரர்கள். மாப்பிள்ளை காலேஜில் இன்டர்மீடியட், அதாவது இன்டர் பாஸ் என்று தரகர் சத்தியம் பண்ணியிருந்தார். நானோ கொடைக்கானல் மிஷன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, மதுரையில் காலேஜில் சேரத் துடித்துக்கொண்டிருந்தேன். "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று அப்பா கதவைச் சாத்திவிட்டார். அப்பாவின் மொத்த வியாபாரக் கடைக்கு மேலேயே வீடு. படியிறங்கினால் அப்பாவின் கண்ணில் படாமல் போக முடியாது. வெளியே ஓயாத மழை.

கூடத்தில் ஒரு மூட்டை கிடந்தது. லாரியில் நனைந்து லேபிள் கரைந்துபோய், சாக்கில் NaNO₃ என்ற எழுத்து மட்டும் மிச்சம். அப்பா மாப்பிள்ளையிடம் பெருமையாகக் கேட்டார்.

"ரொட்டிக் கடைக்குச் சோடாவும் கேட்டிருந்தேன், பூண்டி ஊர்த் தோட்டத்துக்கு உரமும் கேட்டிருந்தேன். இது எதுன்னு தெரியல. நீங்க படிச்சவுக, பாத்துச் சொல்லுங்க."

அவர் குனிந்து பார்த்தார். "சோடியம் இருக்கு, மூணு ஆக்சிஜன் இருக்கு. சமையல் சோடாதாங்க மாமா."

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட பாவி, நடுவில் நிற்கிற N கண்ணில் படவில்லையா? ராடிக்கல் என்பது கூட்டுக் குடும்பம் மாதிரி. அணுக்கள் சேர்ந்தே திரியும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பேர். N ஒன்றும் O மூன்றும் சேர்ந்தால் நைட்ரேட். சோடா என்றால் அந்த இடத்தில் பைகார்பனேட்டின் HC அல்லவா இருக்க வேண்டும்? இவர் இன்டர் பாஸாம்! குட்டை உடைத்தால் சம்பந்தம் முறியும், மதுரை கிடைக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது.

எலுமிச்சம்பழத்தை அறுத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்தேன். ஒரு தட்டில் அடுக்களைச் சோடா, இன்னொன்றில் மூட்டைச் சரக்கு. இரண்டிலும் பிழிந்தேன். சோடா புஸ்ஸென்று நுரைத்தது. மற்றது சும்மா நனைந்து கிடந்தது.

"இது உரம்ப்பா, நைட்ரேட்டு. ரொட்டிக்காரருக்குக் குடுத்துராதீங்க. அவுக இன்டர் பாஸ் பண்ணவே இல்ல."

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஆனால் அந்த மனிதர் எழவில்லை.

"உக்காருங்கம்மா. கெமிஸ்ட்ரியில நான் பெயில்தான். இந்தப் பொண்ணுதான் எனக்கு வேணும். வீட்டுலயே பாடம் சொல்லிக் குடுத்துரும்ல."

அப்பா வெரசாக வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

கல்யாணமாகிப் பழனிக்குப் போனேன். சல்பேட், பாஸ்பேட், அமோனியம் என்று ஒவ்வொன்றாக அவர் மண்டையில் ஏற்றினேன். ஒருநாளும் கடிந்து பேசியதில்லை, நல்ல மனுஷன்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

பெயிலான கெமிஸ்ட்ரிப் பரீட்சையை மறுபடி எழுதப் போனபோது என்னையும் மதுரைக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் நான் கேள்வி கேட்டேன், அவர் ஒன்றுகூடத் தப்பாமல் சொல்லிக்கொண்டே வந்தார். காலேஜ் வாசலில் காவல்காரர் எனக்கு முன்னால் கையை நீட்டி மறித்தார்.

"பரீட்சை எழுதுறவுக மட்டுந்தான் உள்ள போகலாம் தாயி."

என் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே போனார்.