முப்பத்தாறாவது வரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது.

இதைச் சொல்ல என்னைவிடத் தகுதி கெட்டவன் கிடைக்கமாட்டான். முப்பது வருடமாகப் பத்திரிகைகளில் நையாண்டி எழுதிப் பிழைக்கிறேன். மேயர், பேராசிரியர், ஒயினை வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டு ஒரு பக்கத்துக்குப் பேசும் நிபுணர்... யாரையும் விட்டதில்லை. இப்போதெல்லாம் 'பல் வலிக்கிறது' என்றால் பல் டாக்டரே சிரிக்கிறார். நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை. அதனால்தான் ஒருவனை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

1996 ஆகஸ்ட். செக் நாட்டில் எங்கள் ஊரான ஒலமோட்ஸ் நகரிலிருந்து மூன்று பேர் கிளம்பினோம். ராதெக் என்கிற நான். கூடப் படித்த பிளாங்கா. அப்புறம் விலேம், யாரும் தேர்ந்தெடுக்காத எங்கள் தலைவன். ஒரு மாத ரயில் பாஸ். ஐரோப்பாவில் எந்த ஊருக்கும் போகலாம். முதுகுப்பையில் இருபத்திரண்டு டப்பா ஈரல் விழுதும், விலேமின் அம்மா மிலாடா பொரித்துக் கொடுத்த ரீஸெக் இறைச்சியும். வெளியூரில் காசு கொடுத்துச் சாப்பிடுவதை எங்கள் ஊரில் ஒரு வியாதியாகத்தான் பார்ப்பார்கள்.

"ராதெக், இவனப் பத்திரமா திருப்பிக் கூட்டிட்டு வந்துடுப்பா. எனக்கு இவன் ஒருத்தன்தான்" என்றார் மிலாடா அம்மா, நடைமேடையில் நின்று.

"பார்சல்ல அனுப்பிடறேன்மா" என்றேன். அன்றைக்கே நான் அப்படித்தான்.

பாஸ் என்பது ஒரு சின்னப் புத்தகம். உள்ளே முப்பத்தாறு வரிகள். ரயில் ஏறுவதற்கு முன் தேதி, நேரம், புறப்படும் ஊர், சேரும் ஊர் நான்கையும் பேனாவால் எழுதவேண்டும். பரிசோதகர் வந்து அந்த வரியின் ஓரத்தில் ஓட்டை போடுவார். நறுக். ஆளுக்கு ஒரு ஓட்டை. வரிகள் தீர்ந்தால் பாஸ் தீர்ந்தது. எனவே எல்லாரும் செய்யும் திருட்டுத்தனத்தை நாங்களும் செய்தோம். பரிசோதகரின் தொப்பி கண்ணில் படும்வரை எழுதமாட்டோம். அவர் வராவிட்டால் ஒரு வரி லாபம்.

மூன்று பாஸும் விலேமின் கழுத்துப் பையில்தான் இருக்கும். எழுதுவதும் அவன்தான். ஊதா மை, அலங்காரக் கையெழுத்து. வெனிஸில் ஒரு கட்டடத்தின் முன் எங்களை நிறுத்தி, பழைய பிரபுக்களின் அரண்மனை என்று பதினொரு நிமிடம் உரை நிகழ்த்தினான். உள்ளேயிருந்து ஒருவர் தபால் மூட்டையோடு வெளியே வந்தார். அந்தக் கதையை மிலான் போகும்வரை ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்த ரயிலில்தான் ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 11. மதியம் 3:40. பரிசோதகர் வந்தார். விலேம் அவசரமாகப் பேனாவைத் திறந்தான். அவர் அதற்குள் பாஸை வாங்கிப் புரட்டி, தலையாட்டி, ஓட்டை போட்டுக் கொடுத்தார். நறுக்.

வரி ஏற்கெனவே எழுதியிருந்தது. ஊதா மை. விலேமின் கையெழுத்து. அவன் பாஸில் மட்டும்.

"நான் எழுதல" என்றான்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன்டா பாக்கறீங்க?"

"பின்ன யாரு? போன வருஷம் டீன் கையெழுத்தப் போட்டு காலேஜுக்கே லீவு விட்டது யாரு?" என்றாள் பிளாங்கா.

அது நான்தான். மறுப்பதற்கில்லை.

மறுநாள் மிலானில் காலை 9:10க்கு ஜூரிக் ரயில். நிலையத்தில் விலேம் பாஸைத் திறந்தான். புது வரி. 'மிலான் – பாசல், 11:25.'

"போதும் ராதெக். ஜூரிக்னா ஜூரிக்தான்" என்றான் தலைவன், கம்பீரமாக. ஏழு நிமிடம் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினான். காலையில் தின்ற ஈரல் டப்பா. வெளியே வரும்போது மணி 10:50. ஜூரிக் ரயில் போய்விட்டிருந்தது. அடுத்து எங்களுக்குக் கிடைத்த ரயில்...

11:25. பாசல்.

"டப்பாவத் தொறந்தது நீதானே?" என்று மட்டும் கேட்டான் விலேம். நான் சிரிக்கவில்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் நான்கு நாள். ஸ்ட்ராஸ்பர்க், லக்சம்பர்க், பிரஸ்ஸல்ஸ். நாங்கள் என்ன முடிவு செய்தாலும், வரி எங்களுக்கு முன்னால் முடிவு செய்திருந்தது. மழை வரும். கால் சுளுக்கும். வழி தவறும். கடைசியில் அதே ரயிலில் உட்கார்ந்திருப்போம். பிளாங்கா எங்கள் இருவரின் பேனாவையும் பிடுங்கித் தன் தலையணை உறைக்குள் வைத்துத் தூங்கினாள். விடிந்தால் புது வரி இருக்கும்.

ஆகஸ்ட் 16, கொலோன். மதியம் 1:15. தேவாலயத்தின் முன்னால் விலேம் சொற்பொழிவில் இருந்தான். அவன் பையிலிருந்து பாஸை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது வரி வந்திருந்தது.

தேதி 17. நேரம் 2:17. புறப்படும் ஊர் கொலோன்.

சேரும் ஊர்... காலி.

"விலேம், இன்னிக்கு ராத்திரி ரயில் வேணாம். ஸ்டேஷன் பக்கமே போக வேணாம்."

"பயமா இருக்கா? நீ எழுதினதப் பாத்து நீயே பயப்படறியா?"

"நான் எழுதலடா! எங்கம்மா சத்தியமா..."

"போன வாரம்கூட இதே சத்தியம் பண்ணின" என்றாள் பிளாங்கா. "தபால்காரர் பிரபுவோட பேரன்னு."

கெஞ்சினேன். கடைசியில் அவர்கள் பங்குக் காசையும் நானே கொடுப்பதாகச் சொன்ன பிறகு மலிவு விடுதி ஒன்றில் தங்கச் சம்மதித்தார்கள். நான்காவது மாடி. நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். உள்பக்கம் பூட்டினோம். சாவி பிளாங்காவிடம்.

என் பூட்ஸ் கயிற்றை உருவினேன். ஒரு முனை விலேமின் மணிக்கட்டில். மறுமுனை என் மணிக்கட்டில்.

"மோதிரம் எங்கடா மாப்பிள்ளை?" என்றான் விலேம். பிளாங்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சொல்லி நாங்கள் சிரித்த முதல் ஜோக் அது.

விளக்கை அணைத்தோம்.

12:40. அவன் குறட்டை.

1:30. குறட்டை.

2:05. கயிறு லேசாக ஆடியது. திரும்பிப் படுக்கிறான் என்று நினைத்தேன்.

2:14. எங்கோ தண்டவாளத்தில் சக்கரம் உருளும் சத்தம். தூரத்தில்... பிறகு தெருவில்... பிறகு படிக்கட்டில்.

எழுந்திருக்க முயன்றேன். முடியவில்லை. பிளாங்காவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது.

குறட்டை நின்றது.

நறுக்.

என் தலைமாட்டில்.

விளக்கைப் போட்டபோது 2:18. என் மணிக்கட்டில் முடிச்சு அப்படியே இருந்தது. மறுமுனையிலும் முடிச்சு அப்படியே. வட்டமாக. உள்ளே கை இல்லை. கட்டிலடியில் அவன் பூட்ஸ். மேஜைமேல் அவன் கண்ணாடி. தலையணைமேல் பாஸ். ஒன்பதாவது வரியின் ஓரத்தில் ஓட்டை.

கதவு உள்பக்கம் பூட்டியே இருந்தது.

"எங்கடா ஒளிச்சு வச்ச? ராதெக், விளையாட்டு போதும். எங்க அவன்?"

பிளாங்கா என்னிடம் பேசிய கடைசி வார்த்தைகள் அவை. போலீஸ் மூன்று நாள் விசாரித்தது. அந்த நேரத்தில் கொலோனிலிருந்து எந்த ரயிலும் கிளம்பவில்லை.

மிலாடா அம்மாவிடம் நான் தனியாகத்தான் போனேன். கதவைத் திறந்தார். என் பின்னால் பார்த்தார்.

விசாரணை முடிந்ததும் போலீஸ் அனுப்பிய பாஸ் தபாலில் அவரிடம் வந்து சேர்ந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டினார். அடுத்த ஆகஸ்ட் 17 காலையில் எனக்குப் போன் செய்தார்.

"ராதெக், பத்தாவது வரி வந்திருக்குப்பா."

லியோன் – தூரின். ஊதா மை. ஓரத்தில் ஓட்டை.

வருடத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு ஆகஸ்டும் போய் அவர் சமையலறையில் உட்காருவேன். அவர் வாசித்துக் காட்டுவார். "லிஸ்பன் போயிருக்கான். கடல் பாத்திருப்பான் இல்ல?" ஊரெல்லாம் கிண்டல் செய்பவனுக்கு அந்தச் சமையலறையில் மட்டும் வாய் வராது. "பாத்திருப்பான்மா" என்பேன்.

2023. இந்தமுறை ஒரு நாள் முன்னதாகவே போன் வந்தது. ஆகஸ்ட் 16, மாலை 5:20.

"கடைசி வரி வந்துடுச்சு. நம்ம ஊர் பேர் எழுதியிருக்கு."

ஓடினேன். வீடெங்கும் எண்ணெய் வாசனை. எண்பது வயதில் நின்றுகொண்டு ரீஸெக் பொரித்துக்கொண்டிருந்தார். வாசலோரம் ஒரு சின்னப் பெட்டி.

பாஸைப் பார்த்தேன். தேதி 17. நேரம் 2:17. ஒலமோட்ஸ் என்ற பெயர் முதல் கட்டத்தில் இருந்தது. இரண்டாவது கட்டம் காலி.

"அம்மா... இது சேரும் ஊர் இல்லம்மா. புறப்படும் ஊர். அவன் வரல. இங்கேருந்து..."

சட்டியில் இறைச்சியைத் திருப்பிப் போட்டார்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது ராதெக்."

பையிலிருந்து பூட்ஸ் கயிற்றை எடுத்தேன். அதைப் பார்த்தார்.

"போன தடவ கட்டி என்னப்பா ஆச்சு?"

அவர் படுக்கையறைக் கதவில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

2:14. சக்கரம்.

எழ முடியவில்லை.

2:17. நறுக்.

கொஞ்சம் பொறுத்து... இன்னொரு நறுக். முதல் சத்தத்தின் எதிரொலி என்று நினைத்தேன்.

உள்ளே கட்டில் இன்னும் சூடாக இருந்தது. கீழே செருப்பு. மேஜைமேல் கண்ணாடி. பெட்டியைக் காணோம். ரீஸெக் டப்பாவையும் காணோம்.

காலையில் வந்த போலீஸ் அதிகாரி என் பெயரைக் கேட்டதும் புன்னகைத்தார். "நீங்க... அந்த நையாண்டி எழுதறவர்தானே?"

பிறகு தலையணைமேல் இருந்த பாஸை எடுத்துக் கடைசி வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

ஓரத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.