மக்காரியோஸ் சொன்ன போதகர்

மந்தைவெளியில் ஒரு மருத்துவமனையில் தம்பியின் அறுவை சிகிச்சை முடியக் காத்திருந்தேன். பக்கத்தில் வெள்ளை அங்கி போட்ட ஒல்லியான போதகர் ஒருவர் விரல்களை மடக்கி மடக்கி, "மக்காரியோஸ், மக்காரியா, மக்காரியோன்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ஜெபமா ஐயா? என் தம்பியும் உள்ளதான் இருக்கான்" என்றேன்.

"ஜெபம் இல்லீங்க, பழைய கிரேக்கம். பாக்கியவான், பாக்கியவதி, பாக்கியமானது. பைபிள் காலேஜ்ல நான் எடுக்கிற பாடம். என் சம்சாரத்தை உள்ள கொண்டுபோனதுலேர்ந்து ஜெபம் வாயில வரமாட்டேங்குது. இதுதான் வருது."

நர்ஸ் வந்து, "அம்மா கண்ணு முழிச்சிட்டாங்க, உங்களைக் கேக்கறாங்க" என்றார்.

கதவுவரை ஓடியவர் திரும்பி வந்தார். "தம்பி பேர் சொல்லுங்க."

சொன்னேன். கண்ணை மூடி நின்றார். மனைவி காத்திருக்க, முன்பின் தெரியாதவனுக்காக அவர் ஏன் நின்றார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.